சேலையூர் வீட்டுக் கொல்லையில் பழைய இலுப்பை மரம்: வீட்டை இடித்துக் கட்டும்போது காப்பாற்ற முடியுமா?

கொல்லைப்புறம் (கேள்வி)

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் எங்கள் அப்பா 1966-ல் இரண்டு கிரவுண்ட் மனை வாங்கினார். 60 அடிக்கு 80 அடி. தெற்கே தெரு, முன்னால் வீடு, பின்னால் கொல்லை. கொல்லையின் வடகிழக்கு மூலையில் ஒரு இலுப்பை மரம். அப்பா வாங்கும்போதே அது பெரிய மரம்தான். போன மார்கழியில் அம்மாவும் போய்விட்டார். இப்போது அண்ணன், நான், தம்பி மூன்று பேர். வீட்டுக் கூரையில் கம்பி தெரிகிறது, மழைக்கு மூன்று அறையிலும் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. இடித்துவிட்டு ஒரு பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் (மனை எங்களுடையது, ஃப்ளாட் கட்டுவது அவர், ஃப்ளாட்டுகளைப் பங்கு பிரித்துக்கொள்வது) போடுவது என்று முடிவாகிவிட்டது. அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் பில்டர் கொண்டுவந்த முதல் பிளானில் மரம் நிற்கிற இடத்தில் இரண்டு கார் நிறுத்தக் கட்டம் போட்டிருந்தது. மரம் இருக்கிறது என்பதற்கு ஒரு புள்ளிகூட அந்தத் தாளில் இல்லை.

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பழைய பத்திரத்திலும் வருகிற 'மாவடை மரவடை' வரிக்குக் கீழே, "கிணறு ஒன்றும் வடகிழக்கு மூலையில் உள்ள இலுப்பை மரம் ஒன்றும் உள்பட" என்று தனியாகவே எழுதியிருக்கிறது. விற்றவர் அந்த ஊர் விவசாயி. பதிவு முடிந்து வெளியே வந்ததும் அவர் அப்பாவிடம் ஒன்று கேட்டாராம். "எங்க வீட்டு அம்மா வருஷா வருஷம் வந்து கொட்டை பொறுக்கிக்கும், தடுக்காதீங்க." அப்பா சரி என்றார். பத்திரத்தில் இது இல்லை, பேச்சுதான். அந்த அம்மா ஆனி கடைசியில் ஒரு கூடையோடு வருவார். எங்கள் அம்மாவும் கூடச் சேர்ந்து பொறுக்குவார். இரண்டு பங்காகப் பிரித்து, வெயிலில் காயவைத்து, தோல் உடைத்து, செக்குக்கு அனுப்புவார்கள். எண்ணெய் பிள்ளையார் கோயில் விளக்குக்குப் போகும். புண்ணாக்கு இடித்துச் சீயக்காயோடு எங்கள் தலைக்கு வரும். நான் பத்தாவது படிக்கும்வரை, 1981 வரைக்கும் அவர் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பங்குனியில் பூக்கும். இரவெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் வந்து கிளையை உலுக்கும். விடியும்போது தரை முழுக்க வெளுத்துக் கிடக்கும். கையில் எடுத்தால் சதைப்பற்றாக, ஈரமாக, கனத்த ஒரு இனிப்பு வாசனை. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவை வாயில் போட்டிருப்பார்களோ தெரியாது. நாங்கள் மூன்று பேரும் போட்டிருக்கிறோம்.

அண்ணன் சொல்வது இதுதான். "ஒரு மரம் போனால் பத்துக் கன்று நட்டுவிடலாம். இரண்டு கார் பார்க்கிங் போனால் நஷ்டம் நம் மூன்று பேருக்கும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு மகள் கல்யாணம் இருக்கிறது. தம்பி வாயே திறப்பதில்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது: மரத்தின் வயதை வெட்டாமல் கண்டுபிடிக்க முடியுமா? கட்டட வேலை நடக்கும்போது இவ்வளவு பெரிய மரம் தாங்குமா? சட்டம் ஏதாவது துணைக்கு வருமா? அப்புறம், காசு கணக்கு பேசுகிறவர்களிடம் இதன் மதிப்பை எந்த வார்த்தையில் சொல்வது? எனக்கு அழுகைதான் முன்னால் வருகிறது, பேச்சு வரவில்லை.

தோட்டக்கலை ஓய்வு

அம்மா, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். தையல் டேப் எடுத்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து இங்கே போடுங்கள். தேக்கு மாதிரிச் சில மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். நம் ஊர் மரங்கள் பலவற்றில் அப்படித் தெரிவதில்லை, அதனால் வெட்டினாலும் வயது சரியாக வராது. துளை போட்டுப் பார்க்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள், அந்தத் துளை வழியாக அழுகல் உள்ளே போகும். உங்கள் பத்திரமே பெரிய சாட்சி. 1966-ல் தனியாகக் குறிப்பிடும் அளவுக்குப் பெரிய மரம் என்றால், இலுப்பை மெதுவாக வளரும் ஜாதி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நூறு வயதுக்குக் குறையாது என்று நினைக்கிறேன். ஊரில் அந்தக் குடும்பத்தார் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். வாய்மொழிச் செய்தியை அலட்சியம் செய்ய வேண்டாம்.

மரம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடியில் காளான் முளைக்கிறதா, மரச் சுத்தியலால் தட்டினால் எங்காவது பொத்தலாகக் கேட்கிறதா, உச்சிக் கிளைகள் காய்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். மாசி வாக்கில் இலை உதிர்ந்து, செம்புநிறத் தளிர் மரம் முழுக்க ஒரே சீராக வந்தால் வேர் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் தளிர் குறைந்தால் அந்தப் பக்கத்து வேரில் கோளாறு இருக்கும்.

கொல்லைப்புறம்

ஐயா, இன்று காலை அளந்தேன். சுற்றளவு 9 அடி 2 அங்குலம். டேப் போதாமல் கயிறு கட்டி அளந்தோம், மறுமுனையைப் பிடித்தது தம்பி. காளான் இல்லை. தெற்குப் பக்கம் ஆளுயரத்துக்கு மேலே ஒரு பொந்து இருக்கிறது, அதில் புள்ளி ஆந்தை ஜோடி. அது எங்கள் சின்ன வயதிலிருந்தே இருக்கிற பொந்து. வடக்கு மதிலிலிருந்து 6 அடி, கிழக்கு மதிலிலிருந்து 8 அடி தள்ளி நிற்கிறது.

தோட்டக்கலை ஓய்வு

நல்லது. 9 அடி 2 அங்குலம் என்றால் 110 அங்குலம், விட்டம் சுமார் 35 அங்குலம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் மரத்தைக் காக்க பிரிட்டனில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: விட்டத்தைப் போல் 12 மடங்கு தூரம், அடிமரத்தைச் சுற்றி, மண்ணைத் தொடக் கூடாது. உங்கள் மரத்துக்கு அது 35 அடி வருகிறது. இரண்டு கிரவுண்டில் அது நடக்காத காரியம், கேட்டால் பில்டர் எழுந்து போய்விடுவார். ஆனால் கட்டடம் வரும் இரண்டு பக்கத்திலும், அதாவது தெற்கிலும் மேற்கிலும், 18 அடியிலிருந்து 20 அடிவரை தோண்டாமல் விட்டால் மரம் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆணிவேர் ஆழமாகப் போகிறது என்று நம் மக்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தண்ணீரும் உரமும் இழுக்கிற மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல் இரண்டு மூன்று அடி மண்ணுக்குள்தான் பரந்து கிடக்கின்றன. அந்த மண்ணை லாரி மிதித்தாலே பாதி வேர் மூச்சு முட்டிவிடும்.

அதனால் வேலை தொடங்கும் முன்பே சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்து அந்த இடத்தை அடைத்துவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு அடைத்துப் பயன் இல்லை. உள்ளே ஜல்லி, மணல், கம்பி எதையும் கொட்டக் கூடாது. கலவை கலக்கும் இடமும், சட்டி கழுவும் தண்ணீரும் தூரத்தில் இருக்கட்டும், சிமெண்டுத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிடும். அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து ஊற்றுவார்கள், அதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. மரத்தை ஒட்டிய பக்கத்தில் நீளக் கால்வாயாகத் தோண்டாமல் பைல் அஸ்திவாரம் (இடைவெளி விட்டுத் துளை போட்டு ஆழத்துக்குத் தூண் இறக்குவது) போட முடியுமா என்று இன்ஜினியரைக் கேளுங்கள். வேருக்கு இடையில் இறங்கிவிடலாம்.

அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் நடுமரம் 1989-ல் புயலில் சாய்ந்தது. விழுதுகள் தாங்கி மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இலுப்பைக்கு அந்த வசதி கிடையாது. அடிவேர் போனால் அதோடு முடிந்தது.

நங்கநல்லூர்க்காரன்

அக்கா, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் மரத்தை 'காப்பாற்றி'ப் பறிகொடுத்தவர்கள்.

தாத்தா வைத்த ஒட்டு மாமரம். ஃப்ளாட் கட்டும்போது வெட்ட மாட்டோம் என்று பில்டர் வாக்குக் கொடுத்தார், வெட்டவும் இல்லை. ஆனால் தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு மனை பள்ளமாகிவிட்டது. அதனால் இரண்டரை அடி மண் நிரப்பினார்கள். மாமரத்தின் அடியிலும் அதே இரண்டரை அடி. மேலே சிமெண்டுக் கல் பதித்து, மரத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் மட்டும் விட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு அந்த மரத்தின் இலையில்தான் தோரணம் கட்டினோம். முதல் வருஷம் எக்கச்சக்கமாகப் பூத்தது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். மரம் சாகப்போகும்போது அப்படிப் பூக்கும் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். இரண்டாம் வருஷம் உச்சி காய்ந்தது. மூன்றாம் வருஷம் மண்ணுக்குள் புதைந்த பட்டை அழுகி உரிந்து வந்தது. வெட்டும்போது குடியிருப்போர் சங்கத்தில் "பாருங்கள், கிழ மரம், தானாகவே செத்தது" என்று பேசினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஒப்பந்தத்தில் மரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. நீங்கள் அப்படி விடாதீர்கள். மனை அளவைப் படத்தில் மரத்தின் இடமும், தோண்டக் கூடாத எல்லையும், தரைமட்டம் உயர்த்தக் கூடாது என்பதும் வரவேண்டும். அந்தப் படம் ஒப்பந்தத்தோடு இணைப்பாகப் போகவேண்டும். பிறகு ஒவ்வொரு ஃப்ளாட்டையும் விற்கும் பத்திரத்தில் மரமும் அதன் மண்ணும் பொது உபயோகப் பகுதி என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் காரில் வௌவால் எச்சம் விழுகிறது என்று பத்து வருஷம் கழித்து ஒருவர் ஆள் கூட்டி வருவார்.

மேடவாக்கம் ரோடு

மற்றவர்கள் கோபப்படக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் பக்கத்து வீட்டு மயில்கொன்றை எங்கள் மதிலின் மேல் விழுந்தது. ஐந்து நிமிடம் முன்னால் என் மாமியார் அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய மரம் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மரம் வேண்டும்தான், ஆனால் அது பூங்காவில் இருக்கட்டுமே. நாலு மாடிக் கட்டடத்துக்கு 18 அடியில், உள்ளே பொந்து இருக்கிற மரம் நிற்பது சரியா?

தோட்டக்கலை ஓய்வு

நியாயமான பயம்தான். வர்தாவில் தெருத்தெருவாக விழுந்தவற்றில் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் அதிகம். மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, சீக்கிரம் வளரும், கட்டை பலமில்லாதது, வேர் மேலோட்டம். நாட்டு மரங்களும் விழுந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். விழுந்த வேம்புகளில் நான் பார்த்த பலவற்றுக்கு ஒரு பக்கம் வேரே இல்லை. கேபிளுக்கும் வடிகாலுக்கும் தோண்டியபோது வெட்டியிருந்தார்கள். இந்த அம்மா கேட்பதும் அதைத்தான், வேரை வெட்டாமல் கட்ட வழி உண்டா என்று. பொந்து இருப்பதாலேயே மரம் பலவீனம் ஆகாது, சுற்றியிருக்கும் கட்டை எவ்வளவு தடிப்பு என்பதுதான் கேள்வி. மரம் ஏறி வேலை தெரிந்த ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டடத்தின் மேல் சாயும் கிளைகளை மட்டும் ஐப்பசிக்கு முன் குறைக்கலாம். மின்வாரிய ஆட்கள் ஒரே பக்கம் மொட்டையடிப்பது போல் செய்தால் மரம் நிலை தடுமாறும்.

சட்டம் பற்றி: மலைப் பகுதிகளுக்கு 1955-லிருந்தே மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அரசு நிலத்து மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேண்டும். சமவெளியில் சொந்தப் பட்டா இடத்து இலுப்பைக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. மகாராஷ்டிராவில் 2021-ல் 1975-ம் வருஷத்து நகர்ப்புற மரச் சட்டத்தைத் திருத்தி, 50 வயது தாண்டிய மரத்தை மரபு மரம் என்று வரையறுத்தார்கள். வெட்டினால் அந்த மரத்தின் வயது எத்தனையோ அத்தனை கன்று நட வேண்டும். உங்கள் அண்ணன் சொல்கிற பத்துக் கன்று அங்கே செல்லாது.

பூமலைவாசி

நான் சிங்கப்பூர். இங்கே மரபு மரத் திட்டம் 2001-ல் தொடங்கியது. ஒரு மரத்தை யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஐந்து மீட்டருக்கு மேல் சுற்றளவு இருக்கிறதா என்பது ஓர் அளவுகோல், மரத்தோடு சேர்ந்த வரலாறும் ஓர் அளவுகோல். ஏற்றுக்கொண்டால் பெயர்ப்பலகை வைப்பார்கள், இடிதாங்கியும் பொருத்துவார்கள். 1991-ல் அறிவித்த மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் ஒரு மீட்டர் சுற்றளவு தாண்டிய மரத்தைச் சொந்தத் தோட்டத்திலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. உங்கள் மரம் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

எங்கள் ஐந்து வெள்ளி நோட்டில் இருப்பது தாவரவியல் பூங்காவின் தெம்புசு மரம். அந்தப் பூங்காவைத்தான் இங்குள்ள பழைய தமிழர்கள் பூமலை என்பார்கள். பூங்கா 1859-ல் வந்தது, மரம் அதற்கு முன்பே அங்கே நின்றது. உங்கள் மனையை விட மூத்த உங்கள் மரம் போலத்தான். அண்ணனிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்: மனைக்குள் மரம் வரவில்லை, மரம் நின்ற இடத்தில் மனை பிரித்தார்கள்.

கொல்லைப்புறம்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி விற்றவர் குடும்பத்தைத் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருமுனையில் பல வருஷமாகக் கீரை விற்கிற பெண், அந்த அம்மாவின் பேத்தி. இத்தனை நாள் அவரிடம் கீரை வாங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எங்கள் வீடு தெரிந்திருக்கிறது, கேட்கக் கூச்சப்பட்டு இருந்திருக்கிறார். கொல்லைக்கு அழைத்துப் போனேன். மரத்தைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் பாட்டி கல்யாணமாகி வந்தபோதே மாமியார் இந்த மரத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாராம். ஒன்றல்ல, வரிசையாக ஏழு இலுப்பை இருந்ததாம். ஏரியிலிருந்து வயலுக்கு வந்த வாய்க்காலின் கரை அது. மனை போட்டபோது வாய்க்காலைத் தூர்த்தார்கள், ஆறு மரம் போயிற்று. இது மட்டும் ஒரு மனையின் மூலையில் விழுந்ததால் தப்பியது.

அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சட்டென்று உறைத்தது. எங்கள் கொல்லையில் எப்போதும் தண்ணீர் நிற்பது அந்த வடக்கு ஓரத்தில்தான். 2015 டிசம்பரில் முழங்கால் அளவு நின்று, இரண்டு நாளில் மரத்தடியிலேயே இறங்கிப் போனது. ஐம்பது வருஷமாக அப்பா, அண்ணன் எல்லோரும் "இந்த மூலை ஏன் பள்ளம்" என்று மண் கொட்டிப் பார்த்தார்கள். அது பள்ளம் அல்ல, வாய்க்கால்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் தம்பியையும் உட்காரவைத்து இதைச் சொன்னேன். அழவில்லை. மரம் அழகு, அம்மா ஞாபகம் என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. இந்த ஊர் வயலாக இருந்ததற்கும் இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கும் மிஞ்சியிருக்கிற ஒரே அடையாளம் நம் கொல்லையில் இருக்கிறது, அதன் மேல் கார் நிறுத்தினால் தண்ணீர் நம் லிஃப்ட் குழிக்குத்தான் வரும் என்றேன். தம்பிதான் முதலில் பேசினான். வடக்கு ஓரத்தை உயர்த்த வேண்டாம், மழைநீர் சேகரிப்புக் கிணறு வைப்பதாக இருந்தால் அந்த ஓரத்திலேயே, வேர் எல்லைக்கு வெளியே வைக்கலாம் என்றான். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, "பார்க்கிங் ஒன்று குறைந்தால் யார் விட்டுக்கொடுப்பது?" என்று கேட்டார். என்னுடையதை விட்டுக்கொடுக்கிறேன் என்றேன். நான் கார் ஓட்டுவதில்லை. ஆனால் பார்க்கிங் இல்லாத ஃப்ளாட்டின் விலை குறையும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

புது பிளானில் கட்டடம் தெற்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. மரத்துக்குத் தெற்கே 19 அடி, மேற்கே 17 அடி விட்டிருக்கிறார்கள். 17 ஐயா சொன்ன அளவுக்குக் குறைவு, அந்தப் பக்கம் மட்டும் பைல் போட ஒப்புக்கொண்டார்கள். மரத்தின் படமும் எல்லையும் ஒப்பந்த இணைப்பில் வந்துவிட்டன, ஃப்ளாட் பத்திரங்களுக்கான வரியை வக்கீல் எழுதிக்கொண்டிருக்கிறார். தகர வேலி வெள்ளிக்கிழமை அடிக்கிறோம். வீடு இடிப்பது அதற்கு அப்புறம்தான்.

கீரைக்காரப் பெண்ணிடம் ஆனி கடைசியில் கூடையோடு வரச் சொல்லியிருக்கிறேன். வேலை நடந்தாலும் வேலியில் ஒரு கதவு இருக்கும், சாவி என்னிடம். இங்கே யாருக்காவது விதை வேண்டுமானால் சொல்லுங்கள், எடுத்துவைக்கிறேன். ஆனால் இலுப்பை விதை ரொம்ப நாள் தாங்காது, வாங்கிப் போன ஓரிரு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும்.